மிஸ்ர் நாட்டின் அரசுப் பணியும் ஒரு வாக்குறுதியும்

மிஸ்ர் என்னும் எகிப்து நாட்டைப் பற்றி நம் வீடுகளில் பேச்செழும்போது யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு உடனே நினைவுக்கு வருகிறது. வளமான ஆண்டுகளில் தானியத்தைக் காத்து வைத்துப் பஞ்ச ஆண்டுகளில் அளந்து கொடுத்த அந்த நிருவாகத்தைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நைல் நதியின் வெள்ளத்தை அளப்பதும், வெள்ளம் வடிந்த நிலத்துக்கு எல்லை காண்பதும், விளைச்சலைப் பதிந்து வரி வாங்குவதும் எழுத்தர்கள் இன்றி நடைபெறா. ஆதலால் அரசாங்கக் கணக்கெழுதும் மனிதருக்கு அம்மண்ணில் தொன்றுதொட்டே ஒரு தனி மதிப்பு இருந்து வந்திருக்கிறது.

அந்நாட்டு மக்களிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. அரசாங்க வேலையை அவர்கள் 'மீரி' என்பார்கள். அமீருக்குரியது என்பது அதன் பொருள். "மீரி கைநழுவிப் போனால், அதன் புழுதியிலாவது புரள்" என்பதே அப்பழமொழி. அரசாங்கச் சம்பளத்தை எவ்வளவு ஆவலோடு அம்மக்கள் எதிர்நோக்கினார்கள் என்பதற்கு இந்த ஒரு வாக்கியமே போதும்.

ஓர் அரசு தன் பணியில் எத்தனை பேரை வைத்துக் கொள்ளலாம்? மிகுந்து விட்டால் எவ்வாறு குறைப்பது? இது நிதியமைச்சர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய கணக்கைப் போலத் தோன்றும். ஆனால் மகனையோ மகளையோ படிக்க வைத்து, ஒரு நியமன ஆணைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதில் பங்குண்டு. கடந்த இருநூறு ஆண்டுகளில் மிஸ்ர் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டது. அவ்விடைகளின் பலனையும் அனுபவித்தது. அவ்வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

பள்ளியிலிருந்து பதவிக்கு

1805இல் ஆட்சிக்கு வந்த முஹம்மது அலி பாஷா, புதிய படையையும் அதற்கேற்ற புதிய அரசையும் அமைக்க முனைந்தார். படைக்கு மருத்துவர் வேண்டும். கால்வாய்களுக்குப் பொறியாளர் வேண்டும். அலுவலகங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எனவே 1826இல் ஒரு மாணவர் குழுவைப் பாரிஸ் நகருக்கு அனுப்பினார். அக்குழுவினருக்குத் தொழுகை நடத்தும் இமாமாகச் சென்றவர், அல்அஸ்ஹரில் பயின்ற ரிஃபாஆ அத்தஹ்தாவி. தாயகம் திரும்பிய அவரே 1835இல் தோன்றிய மொழிகள் பள்ளியை நெடுங்காலம் நடத்தி, ஒரு மொழிபெயர்ப்பாளர் தலைமுறையை உருவாக்கினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அரசாங்கப் பள்ளிகள் அரசாங்கப் பணிக்கென்றே தொடங்கப்பட்டன. மாணவனுக்கு உணவும் உடையும் உதவித்தொகையும் கொடுத்தது அரசு. படிப்பு முடிந்ததும் அவனைப் பணியில் அமர்த்தியதும் அரசு. ஆகவே படிப்பு என்றால் பதவி என்னும் எண்ணம் அந்நாளிலேயே வேரூன்றி விட்டது. பள்ளிகள் சிலவாக இருந்த வரையில் இவ்வெண்ணத்தால் இடர் எதுவும் நேரவில்லை. பள்ளிகள் பலவாகிய பின்னரே அதன் சுமை தெரிந்தது.

ஒரே நாளில் வெட்டியதன் விளைவு

முஹம்மது அலியின் பேரர் இஸ்மாயீல் 1863இல் ஆட்சிக்கு வந்தார். இரயில் பாதைகள், கால்வாய்கள், அழகிய வீதிகள் என்று நாட்டைப் புதுப்பித்தார். அதற்காக ஐரோப்பியரிடம் அளவின்றிக் கடனும் வாங்கினார். 1875இல் சூயஸ் கால்வாயில் தமக்கிருந்த பங்குகளைப் பிரித்தானியருக்கு விற்றும் கடன் தீரவில்லை. 1876இல் கடன்காரர்களின் சார்பில் ஒரு நிதி ஆணையம் காஹிராவில் அமர்ந்தது. 1878இல் நூபார் பாஷாவின் தலைமையில் அமைந்த அமைச்சரவையில் ஆங்கிலேயரான ரிவர்ஸ் வில்சன் நிதியமைச்சரானார். ஒரு பிரெஞ்சுக்காரர் பொதுப்பணி அமைச்சரானார்.

செலவைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்த அந்த அமைச்சரவை, அரசாங்கச் சம்பளப் பட்டியலில் கை வைத்தது. 1879ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 2,500 இராணுவ அதிகாரிகள் பணியிலிருந்து விலக்கப்பட்டு அரைச் சம்பளத்தில் வைக்கப்பட்டனர். அவர்களுக்கு ஏற்கெனவே சேர வேண்டிய சம்பள பாக்கி பெருமளவு நிலுவையில் இருந்தது. உழைத்ததற்கான கூலியும் வரவில்லை, இனி முழுக் கூலியும் இல்லை என்னும் நிலையில் அவர்கள் என்ன செய்வார்கள்? பிப்ரவரி 18ஆம் நாள் நிதியமைச்சகத்தின் அருகே திரண்டனர். நூபார் பாஷாவையும் ரிவர்ஸ் வில்சனையும் வழிமறித்துத் தாக்கினர். இஸ்மாயீலே நேரில் வந்துதான் அமைச்சர்களை விடுவிக்க முடிந்தது. நூபாரின் அமைச்சரவை வீழ்ந்தது.

இக்கிளர்ச்சிக்கு இஸ்மாயீலே மறைமுகமாகத் தூண்டுகோலாக இருந்தார் என்று அப்போதே பலர் ஐயுற்றதுண்டு. தூண்டியவர் யாராயினும், பற்றிக் கொள்வதற்கு உலர்ந்த விறகு ஆயத்தமாக இருந்தது என்பதில் ஐயமில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் இஸ்மாயீல் பதவியிழந்தார். 1881இல் அஹ்மது உராபி பாஷாவின் தலைமையில் படைவீரர் மீண்டும் எழுந்தனர். 1882இல் பிரித்தானியப் படை நாட்டைக் கைப்பற்றியது. இவையனைத்தும் ஒரு சம்பளக் குறைப்பினால் மட்டும் நேர்ந்தன என்று நாம் கூறமாட்டோம். கடனும், அந்நியத் தலையீடும், துருக்கிய அதிகாரிகளுக்கும் மண்ணின் மைந்தர்களுக்கும் இடையே இருந்த பாகுபாடும் காரணங்களே. எனினும், கொடுக்க வேண்டிய பாக்கியைக் கொடுக்காமல், நேற்று வரை பணிசெய்தவனை இன்று வீட்டுக்கு அனுப்பும் முறை எத்தகைய பகையை விளைவிக்கும் என்பதற்கு அந்நாள் சான்றாக நிற்கிறது.

ஒரு பொன்னான வாக்குறுதி

பிரித்தானியர் காலத்தில் அரசாங்கப் பள்ளிகளில் கட்டணம் கூடியது. எழுத்தர் வேலைக்குத் தேவையான அளவுக்கே கல்வி போதும் என்னும் கொள்கை மேலோங்கியது. உயர் பதவிகளில் ஐரோப்பியர் அமர்ந்தனர். இதனால் அரசுப் பணியின்மீது மக்களுக்கிருந்த ஆசை குறையவில்லை. எட்டாத கனியாதலால் மேலும் வளர்ந்தது. சுதந்திரம் என்றால் பள்ளிக்கூடக் கதவும் அலுவலகக் கதவும் திறப்பதே என்று பாமரர் எண்ணினர்.

1952 ஜூலை 23 புரட்சியின்போது அரசு நிருவாகத்தில் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேர் இருந்தனர். ஊழியர் நியமனத்தை ஒழுங்குபடுத்துவதற்கென்று அதற்கு முந்திய ஆண்டில்தான், 1951இல், 'திவானுல் முவள்ளஃபீன்' என்னும் ஊழியர் துறை நிறுவப்பட்டிருந்தது. தேர்வு வைத்துத் தகுதி பார்த்து, தேவையான இடத்துக்குத் தேவையான ஆளை எடுப்பது அதன் நோக்கம்.

ஜமால் அப்துல் நாசிரின் ஆட்சி வேறொரு பெருங்கனவை மேற்கொண்டது. 1961இல் வங்கிகளும் தொழிற்சாலைகளும் பெருமளவில் அரசுடைமையாயின. 1962இல் பல்கலைக்கழகக் கல்வி இலவசமாக்கப்பட்டது. 1964இல் வந்த 14ஆம் எண் சட்டத்தோடு, பட்டம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அரசு வேலை என்னும் உறுதிமொழி நிலைபெற்றது. தொழிற்கல்வி முடித்தவர்களுக்கும் அது விரிந்தது. பட்டதாரி தம் பெயரைத் தொழிலாளர் துறையில் பதிந்து கொண்டால் போதும்; எந்த அமைச்சகம், எந்த ஊர் என்பதை அரசு தீர்மானித்து நியமன ஆணையை அனுப்பும். அவ்வாண்டிலேயே பழைய ஊழியர் திவானுக்கு மாற்றாக, அமைப்பு மற்றும் நிருவாகத்துக்கான மத்திய அமைப்பும் தோன்றியது.

இவ்வாக்குறுதியை எள்ளி நகையாடுவது எளிது. அவ்வாறு செய்வது அறமாகாது. நேற்று வரை நிலக்கிழாரின் வயலில் பருத்தி பறித்த குடியானவனின் மகன் பட்டம் பெற்றுப் பொறியாளனாய் அரசாங்க மேசையின் முன் அமர்ந்தான். சிபாரிசு செய்ய உறவினரற்ற ஏழைக்கும் ஆணை வந்தது. பெண்களுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. சம ஊதியமும், பேறுகால விடுப்பும், கண்ணியமான பணியிடமும் உறுதியாகவே, பெற்றோர் பெண்மக்களைத் துணிந்து படிக்க வைத்தனர். பள்ளி ஆசிரியைகளும் செவிலியரும் எழுத்தர்களுமாய் ஒரு புதிய தலைமுறைப் பெண்கள் அரசுப் பணியில் நுழைந்தார்கள்.

ஆனால் வாக்குறுதி தந்தவர்கள் ஒரு கேள்வியைக் கேட்கத் தவறினார்கள். அலுவலகத்துக்கு எத்தனை பேர் தேவை என்பதை அலுவலகத்தின் வேலை தீர்மானிக்க வேண்டும். இங்கோ பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவுகள் தீர்மானித்தன. எவ்வளவு பேர் தேறினார்களோ அவ்வளவு பேருக்கு நாற்காலி வேண்டும். நாசிர் மறைந்த 1970ஆம் ஆண்டையொட்டி அரசு நிருவாகத்தில் இருந்தோர் தொகை சுமார் 12 இலட்சமாகி விட்டது. பதினெட்டே ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட பெருக்கம்! புதிய பள்ளிகளும் மருத்துவமனைகளும் இதில் ஒரு பகுதியை உண்மையாகவே வேண்டி நின்றன. எஞ்சியோர் ஒருவர் பார்க்கும் கோப்பை மூவர் பார்க்க அமர்ந்தவர்கள்.

காஹிராவின் தஹ்ரீர் சதுக்கத்தில் நின்ற 'முஜம்மா' என்னும் பதினான்கு மாடிக் கட்டடம் இந்நிலையின் அடையாளமாயிற்று. ஓர் அத்தாட்சிக்காக மாடி மாடியாக, மேசை மேசையாக அலைவது அங்கே அன்றாடக் காட்சி. 1992இல் வெளிவந்து ஆதில் இமாம் நடித்த ஒரு நகைச்சுவைப் படம் இக்கட்டடத்தையே கதைக்களமாகக் கொண்டது. மகனுக்குப் பள்ளி மாற்றம் வேண்டி வந்து அலைக்கழிந்த ஒரு தந்தையின் கதை அது. நாடே பார்த்துச் சிரித்தது. தம் கதையைக் கண்டுதான் சிரித்தது.

மறுக்காமல் மறுத்த கதை

1970களின் நடுவில் அன்வர் சாதாத் பொருளாதாரக் கதவைத் தனியாருக்குத் திறந்தார். அரசின் கை இறுகியது. 1977 ஜனவரியில் உணவு மானியத்தைக் குறைப்பதாக அறிவித்தவுடன் 18, 19 ஆகிய இரு நாட்களும் நகரங்கள் கொந்தளித்தன. அறிவிப்பு உடனே திரும்பப் பெறப்பட்டது. மக்களுக்குக் கொடுத்ததை நேருக்கு நேர் பறித்தல் ஆகாது என்னும் பாடத்தை ஆட்சியாளர்கள் அன்று நன்றாகக் கற்றுக் கொண்டார்கள். ஆனால் அப்பாடத்திலிருந்து அவர்கள் கண்டுபிடித்த வழி நேர்மையானதாக இல்லை.

வேலை உறுதிச் சட்டத்தை அவர்கள் நீக்கவில்லை. 1978 முதல் அரசுத் தொழில் நிறுவனங்களுக்கு மட்டும் அக்கட்டாயத்திலிருந்து விலக்கு அளித்தார்கள். அமைச்சகங்களிலோ, வரிசையை மெல்ல நீளவிட்டார்கள். முதலில் இரண்டு மூன்று ஆண்டுக் காத்திருப்பு. 1980களின் பிற்பகுதியில் ஐந்தாறு ஆண்டுகள். 1990களில் பத்தாண்டையும் கடந்தது. 1991இல் பன்னாட்டு நிதியத்தோடு செய்து கொண்ட சீரமைப்பு உடன்பாட்டுக்குப் பின் நியமனங்கள் ஏறக்குறைய நின்றே போயின. இல்லை என்று எவரும் சொல்லவில்லை. ஆம் என்றும் எவரும் சொல்லவில்லை.

உள்ளே இருப்போருக்கும் இதே முறைதான். எவரையும் நீக்கவில்லை, ஆனால் விலைவாசி ஏற, சம்பளத்தின் மதிப்பு தேய்ந்து கொண்டே வந்தது. காலையில் அலுவலகத்தில் கையெழுத்திட்டவர் மாலையில் வாடகைக் கார் ஓட்டினார். ஆசிரியர் தனிப்பாடம் நடத்தினார். சம்பளமில்லா விடுப்புப் பெற்று வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் மிகப் பலர். அந்நாடுகளில் உழைத்த நம் ஊர்ச் சகோதரர்கள், தம்மோடு பணிபுரிந்த மிஸ்ரிக் கணக்கர்களையும் ஆசிரியர்களையும் அறிவார்கள். அவர்களுள் பலருக்குத் தாயகத்தில் ஓர் அரசு நாற்காலி வெறுமையாய்க் காத்திருந்தது. அந்த நாற்காலிக்காக வெளியே வரிசையில் ஒரு பட்டதாரியும் காத்திருந்தார்.

நோபல் பரிசு பெற்ற நஜீப் மஹ்பூழ் 1934 முதல் 1971 வரை அரசு ஊழியராகவே வாழ்ந்தவர். வக்ஃபு அமைச்சகத்திலும் பணியாற்றியவர். 1975இல் அவர் வெளியிட்ட 'ஹள்ரத்துல் முஹ்தரம்' என்னும் நாவல், ஆவணப் பிரிவு எழுத்தர் ஒருவரைப் பற்றியது. தலைமை இயக்குநர் பதவி ஒன்றையே இலட்சியமாகக் கொண்டு, அன்பையும் இல்லறத்தையும் ஒத்திவைத்துக் கொண்டே போகும் மனிதர் அவர். ஒருவர் பதவி உயர்வுக்காக வாழ்வை ஒத்திவைத்தார் என்றால், பின்வந்த தலைமுறை பதவியின் முதற்படிக்காகவே வாழ்வை ஒத்திவைக்க நேர்ந்தது. வேலை வரட்டும் என்று திருமணம் தள்ளிப்போயிற்று. திருமணம் ஆகாததால் வீடு அமைவதும் தள்ளிப்போயிற்று.

இக்காத்திருப்பின் சுமை எல்லார்மீதும் சமமாக விழவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. கையில் பொருளுள்ளவன் கடை வைத்தான். கடவுச்சீட்டுக் கிடைத்தவன் கடல் கடந்தான். எதுவும் இயலாத ஏழைப் பட்டதாரியும், ஊரை விட்டுச் செல்ல இயலாத பெண் பட்டதாரியுமே அந்த வரிசையில் கடைசி வரை நின்றவர்கள். எவருக்காக அவ்வாக்குறுதி கொடுக்கப்பட்டதோ, அவர்களே அதன் சிதைவால் மிகுதியும் வாடினார்கள்.

வெளிப்படையான சட்டம்

2011இல் மக்கள் கிளர்ந்தெழுந்து ஹுஸ்னி முபாரக்கின் ஆட்சியை வீழ்த்தினர். உணவும் சுதந்திரமும் சமூக நீதியும் அவர்களின் முழக்கம். அதன் பின்வந்த அரசுகள், ஆண்டுக்கணக்கில் தற்காலிக ஒப்பந்தத்தில் உழன்ற ஊழியர் பலரை நிரந்தரமாக்கின. ஊழியர் தொகை 60 இலட்சத்துக்கும் மேல் என்று அரசாங்கமே சொல்லும் நிலை வந்தது.

2015இல் 18ஆம் எண் ஆணையாக ஒரு புதிய அரசுப் பணிச் சட்டம் பிறந்தது. தேவை, அறிவிப்பு, தேர்வு என்ற ஒழுங்கில் நியமனம்; ஆண்டு ஊதிய உயர்வுக்கு ஐந்து விழுக்காடு என்ற அளவு; முன்கூட்டியே ஓய்வு பெற விரும்புவோர்க்கு வழி. ஊழியர்கள் வீதிக்கு வந்து எதிர்த்தனர். 2016 ஜனவரியில் கூடிய புதிய நாடாளுமன்றம், தனக்கு முன் வைக்கப்பட்ட சுமார் 340 ஆணைகளையும் ஏற்று, இந்த ஒன்றை மட்டும் தள்ளியது! பிற எல்லாவற்றிலும் அரசுக்குத் தலையசைத்த மன்றம், சம்பளப் பட்டியல் என்றதும் தயங்கியது. பின்னர் ஊதிய உயர்வை ஏழு விழுக்காடாக்கி, பேறுகால விடுப்பை நான்கு மாதமாக்கி, வேறு சில திருத்தங்களும் செய்து, அவ்வாண்டின் இறுதியில் 81ஆம் எண் சட்டமாக அது நிறைவேறியது.

இச்சட்டத்தில் குறைகள் உண்டு. நாணய மதிப்பு வீழ்ந்த அதே 2016 நவம்பருக்குப் பிறகு ஏழு விழுக்காடு உயர்வு விலைவாசியின் காலடியில் நசுங்கியது. ஆயினும் ஒன்றை ஒப்புக் கொள்ள வேண்டும். இதற்காவது மன்றத்தில் வாதம் நடந்தது. ஊழியர் குரல் கேட்கப்பட்டது. விதி எழுத்தில் வந்தது.

கதவை மூடி வைத்ததன் மறுபக்கமும் விரைவிலேயே தெரிந்தது. பழையோர் ஓய்வு பெற, புதியோர் வராததால் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை இலட்சக்கணக்கில் வளர்ந்தது. ஆண்டுக்கு 30,000 ஆசிரியர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு நியமிப்பதாக 2022இல் அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. அலுவலகங்களில் ஆள் மிகுதி என்று புலம்பிய அதே நாட்டில் வகுப்பறைகளில் ஆள் இல்லை. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கதவடைப்பவர்கள், எந்த அறையில் நெரிசல், எந்த அறையில் வெறுமை என்பதைக் காண்பதில்லை.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அரசாங்கக் கருவூலம் குடியானவனின் வரியால் நிரம்புவது. வேலையற்ற நாற்காலிக்குச் சம்பளம் தருவது அக்குடியானவனுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் நேற்று அழைத்து அமர்த்தியவனை இன்று பாக்கியோடு துரத்துவதும் அநீதியே. 1879 அதைக் காட்டியது. இவ்விரண்டையும் அஞ்சி, வாக்குறுதியை ஏட்டில் வைத்துக் கொண்டு வரிசையை மட்டும் நீட்டியது மூன்றாவது அநீதி. முதலிரண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. மூன்றாவதற்கு எதிராக எவரும் நிதியமைச்சகத்தின் முன் திரளவில்லை. ஏனெனில் இன்ன நாளில் இன்னது பறிக்கப்பட்டது என்று சுட்ட ஒரு நாள்கூட அவர்களுக்கு இல்லை. ஒரு மனிதனின் இளமையை அப்படிக் கரைப்பதே மூன்றிலும் கொடிது என்று நாம் கருதுகிறோம்.

வாக்குக் கொடுத்தால் நிறைவேற்று, இயலாவிடில் இயலாது என்று உரிய காலத்தில் சொல் என்பது வணிகத்தில் நம் பெரியோர் நமக்குக் கற்பித்த பாடம். அரசுக்கும் அது பொருந்தும். ஆண்டுதோறும் எத்தனை இடம் உண்டு, யாருக்கு, எந்தத் தகுதியில் என்பதை வாசலிலேயே எழுதி ஒட்டும் அரசு, பலருக்கு ஏமாற்றம் தரலாம், எவரையும் ஏமாற்றாது. அந்த அறிவிப்பைப் படித்த இளைஞன் அன்றே வேறு வழி தேடுவான். பத்தாண்டு கழித்துத் தேடமாட்டான்.

முஜம்மா கட்டடம் 2021இல் காலி செய்யப்பட்டு, அதனை உல்லாச விடுதியாக்கும் ஒப்பந்தமும் ஆயிற்று. மேசைகள் போயின, கோப்புகள் வேறிடம் பெயர்ந்தன. அந்த மேசைகளில் ஒன்று தமக்கும் கிட்டும் என்று பெயர் பதிந்து காத்திருந்தவர்கள் பலர் இன்று முதுமையை எட்டியிருப்பார்கள். அவர்களுக்கு ஒரு பதில் கடிதம் எழுத அன்று அத்தனை இலட்சம் எழுத்தர்களுள் ஒருவரையும் பணிக்காமல் விட்டார்களே என்பதுதான் இவ்வரலாற்றைப் படித்து முடிக்கையில் நம் நெஞ்சை உறுத்துகிறது.